ஊவாவின் குளத்து இறாலும் மலையிலிருந்து வரும் நீரும்

இலங்கையின் ஒன்பது மாகாணங்களில் கடலைத் தொடாதவை நான்கு. ஊவா அவற்றில் ஒன்று. பதுளை, பசறை, லுணுகலைத் தோட்டங்களில் இறால் என்றாலே பெரும்பாலும் கூனிதான். கடலிலும் களப்பிலும் பிடித்து வெயிலில் உலர்த்திய பொடி இறால் அது. வெறும் சட்டியில் வறுத்து, செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூவோடு இடித்து, தேசிக்காய் பிழிந்தால் ரொட்டிக்கு ஒரு சம்பல் ஆகிவிடும். சிலாபம், புத்தளம் பக்கமிருந்து ஐஸ் பெட்டியில் வரும் பெரிய இறாலும் பதுளைச் சந்தைக்கு வருவதுண்டு. ஆனால் கொழுந்து பறிப்பவரின் நாட்சம்பளத்தில் அதை அடிக்கடி வாங்க முடியாது.

ஊவா முழுவதும் மலை அல்ல. அப்புத்தளையும் பண்டாரவளையும் ஆயிரம் மீற்றருக்கு மேலே இருக்க, அதே பதுளை மாவட்டத்தின் வடக்கு விளிம்பில் மகியங்கனை சுமார் நூறு மீற்றர் உயரத்தில் வெயிலில் காய்கிறது. சொரபொர வாவி, மாப்பாகடைக் குளம், உல்ஹிட்டிய, ரத்கிந்த நீர்த்தேக்கங்கள் எல்லாம் அந்தப் பக்கத்தில் உள்ளன. மொனராகலை மாவட்டத்தில் முத்துக்கண்டியவும் ஹந்தபானாகலவும் இருக்கின்றன. வயலுக்கு நீர் கொடுப்பதற்காக வெட்டப்பட்ட இந்தக் குளங்களில்தான் ஊவாவின் மீன்பிடி நடக்கிறது. இத்தகைய உலர்வலயக் குளங்களில் மீன் குஞ்சோடு நன்னீர் இறால் குஞ்சையும் விட்டு வளர்ப்பது இலங்கையில் சில பத்தாண்டுகளாக நடந்துவரும் முயற்சி. 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை, அதாவது நெக்டா, இதை முன்னெடுக்கிறது.

இறால் வளர்ப்பு என்றதும் உலகில் இன்று இரண்டு கேள்விகள் எழுகின்றன. அது மண்ணையும் நீரையும் கெடுக்காமல் நடக்குமா? அந்த உயிருக்கு வேண்டாத வேதனை தராமல் நடக்குமா? கடற்கரைப் பண்ணைகள் இரண்டுக்கும் திணறிக்கொண்டிருக்கின்றன. ஊவாவின் குளங்களுக்கு இதைவிட நல்ல பதில் சொல்லும் வாய்ப்பு இருக்கிறது. அது பெரும்பாலும் குளத்துக்குள் வந்து சேரும் நீரைப் பொறுத்தது.

புத்தளம் கற்றுக்கொடுத்தது

இலங்கையில் வணிக இறால் வளர்ப்பு 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் வேர்விட்டது. மட்டக்களப்பில் தொடங்கிய பண்ணைகள் போரினால் நின்றுபோயின. வடமேல் கரையில் சிலாபம், முந்தல், உடப்பு, புத்தளம் வரையிலான பகுதியில் தொழில் வேகமாகப் பரவியது. வளர்க்கப்பட்டது கரும்புலி இறால். ஏற்றுமதி விலை நன்றாக இருந்ததால் கண்டல் காடும் உவர்நிலமும் தென்னந்தோப்பும் குளங்களாக வெட்டப்பட்டன.

அங்கே நேர்ந்த பிழை நீரில்தான் இருந்தது. சிலாபத்தையும் முந்தல் களப்பையும் புத்தளம் களப்பையும் இணைக்கும் ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தே பண்ணைகள் நீரை எடுத்தன. கழிவு நீரையும் அதே கால்வாயில் விட்டன. ஒரு பண்ணையின் கழிவு அடுத்த பண்ணையின் குடிநீராயிற்று. 1980களின் இறுதியில் ஒரு வைரஸ் நோய் வந்து எச்சரித்தது. 1996 இல் வெண்புள்ளி நோய் வந்தது. இந்த வைரஸ் தொற்றிய குளத்தில் மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் ஏறக்குறைய எல்லா இறாலும் செத்து மிதக்கும். ஓட்டின் உட்புறத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். கால்வாய் வழியே நோய் பண்ணைக்குப் பண்ணை பரவியது. கடன் வாங்கிக் குளம் வெட்டியவர்கள் அவற்றை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அந்த நிலத்தில் உப்பு ஏறியிருந்ததால் நெல்லும் விளையவில்லை, கண்டலும் தானாகத் திரும்ப முளைக்கவில்லை.

அதே 1996 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டின் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடற்கரை ஒழுங்குமுறை வலயத்துக்குள் பாரம்பரிய முறை அல்லாத இறால் பண்ணைகள் இருக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமங்களில் கிணற்று நீர் உப்பானதும், விளைநிலம் பண்ணையாக மாறியதில் கூலி விவசாயிகள் வேலையிழந்ததும் அந்த வழக்கின் பின்னணி. பின்னர் 2005 இல் இந்திய நாடாளுமன்றம் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி, பண்ணைகளைப் பதிவுக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்படுத்தி அனுமதித்தது.

புத்தளத்தில் தொழில் அழிந்துவிடவில்லை. அங்குள்ள வளர்ப்பாளர்கள் கண்ட வழி கவனிக்கத்தக்கது. பண்ணைப் பகுதி முழுவதையும் வலயங்களாகவும் உபவலயங்களாகவும் பிரித்தார்கள். எந்த வலயம் எந்த மாதத்தில் குஞ்சு விட வேண்டும், எப்போது குளத்தைக் காயப்போட வேண்டும் என்று ஒரு பயிர் நாட்காட்டி வகுத்தார்கள். வளர்ப்பாளர் சங்கங்களும் நெக்டாவும் கூடி அதைத் தீர்மானிக்கின்றன. குஞ்சுகள் வைரஸ் இல்லை என்று பரிசோதிக்கப்பட்ட பிறகே குளத்துக்கு வருகின்றன. ஒருவர் அவசரப்பட்டு முன்னால் குஞ்சு விட்டால் பக்கத்துக் குளத்துக்காரர் கேள்வி கேட்பார். பொதுநீரைப் பங்கிட்டு வாழ்வோர் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட ஒழுங்கு அது. மருந்தும் இயந்திரமும் செய்யாததைப் பெருமளவு அந்த ஒழுங்கு செய்தது.

இறாலுக்கு வலிக்குமா

ஆண்டொன்றுக்கு உலகில் பண்ணைகளில் வளர்த்துக் கொல்லப்படும் இறால்களின் எண்ணிக்கை சுமார் 44,000 கோடி என்று 2023 இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. ஆடு, மாடு, கோழி எல்லாவற்றையும் கூட்டினாலும் இதன் பக்கத்தில் வராது. இத்தனை உயிர்களுக்கும் வலி உண்டா என்ற கேள்வியை அறிவியல் நெடுங்காலம் கேட்கவே இல்லை. சூடு பட்டால் விலகுவது வெறும் அனிச்சைச் செயல் என்று எண்ணி விட்டுவிட்டார்கள்.

அந்த எண்ணத்தை அசைத்த ஆய்வுகளில் ஒன்று வட அயர்லாந்தில் பெல்பாஸ்டில் நடந்தது. உயிரியலாளர் ராபர்ட் எல்வுட்டும் அவருடைய குழுவினரும் 2008 இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். பாறைக் குட்டைகளில் வாழும் ஒருவகை இறாலின் உணர்கொம்பில் அசற்றிக் அமிலத்தைத் தடவினார்கள். இறால் அந்தக் கொம்பை மட்டும் திரும்பத் திரும்பக் கால்களால் வருடியது, தொட்டிச் சுவரில் தேய்த்தது. மரக்கச் செய்யும் மருந்தை முன்கூட்டியே தடவியபோது இந்தச் செயல் குறைந்தது. எந்த இடத்தில் பட்டது என்று அறிந்து அந்த இடத்தையே நெடுநேரம் கவனித்துக்கொள்வதை வெறும் அனிச்சை என்று ஒதுக்குவது கடினம். எல்லா ஆய்வாளர்களும் இதை ஒப்புக்கொண்டுவிடவில்லை, வேறு இனங்களில் வேறு முடிவுகளும் வந்தன. ஆனாலும் கேள்வியை மூடிவைக்க அதன் பிறகு யாராலும் முடியவில்லை.

2021 இல் லண்டன் பொருளியல் கல்லூரியின் தத்துவப் பேராசிரியர் ஜொனதன் பேர்ச் தலைமையிலான குழு முந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து ஓர் அறிக்கை கொடுத்தது. நண்டு வகைகளில் சான்று வலுவாக உள்ளது, பண்ணைகளில் அதிகம் வளர்க்கப்படும் கடல் இறால் குடும்பத்தில் குறைவு என்று அது சொன்னது. குறைவு என்பதற்குப் பெரும் காரணம் அந்தக் குடும்பத்தை யாரும் போதிய அளவு ஆராயவில்லை என்பதே. சந்தேகம் இருக்கும் இடத்தில் உயிரின் பக்கம் நிற்க வேண்டும் என்பது அவர்களின் பரிந்துரை. அதன்படி 2022 இல் பிரித்தானியா இயற்றிய விலங்குணர்வுச் சட்டத்தில் பத்துக்கால் ஓடுடை உயிர்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. அந்தப் பரிந்துரை நேர்மையானது. வலிக்கிறது என்று முழுமையாக நிரூபிக்கும்வரை காத்திருக்கலாம் என்பது அந்த வலியை அனுபவிக்காதவர் சொல்லக்கூடிய வாதம்.

பண்ணை இறால் படும் துன்பங்களில் மிகக் கொடியது குஞ்சுப் பொரிப்பகத்தில் நடப்பது. கடல் இறாலின் தாய், தொட்டியில் அடைபட்டால் எளிதில் முட்டைக்கு வராது. இறாலின் கண் ஒரு சிறு காம்பின் நுனியில் இருக்கிறது. அந்தக் காம்புக்குள் உள்ள சுரப்பித் தொகுதி, சூலகம் முதிர்வதைத் தடுத்துவைக்கும் ஓமோனைச் சுரக்கிறது. 1943 இல் பிரெஞ்சு ஆய்வாளர் பனூஸ், காம்பை அகற்றினால் முட்டை விரைவில் முதிர்கிறது என்று கண்டார். அதன் பிறகு உலகெங்கும் பொரிப்பகங்களில் தாய் இறாலின் ஒரு கண்காம்பை வெட்டுவது, நசுக்குவது, நூலால் இறுகக் கட்டி விழவைப்பது வழக்கமாயிற்று. கரும்புலி இறாலுக்கு இலங்கையிலும் இதுவே முறை. கடலில் பிடித்த தாயைக் கொண்டுவந்து ஒரு கண்ணைப் போக்குகிறார்கள்.

இது தேவைதானா என்ற கேள்விக்கு ஸ்கொட்லாந்தின் ஸ்டேர்லிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெள்ளைக்கால் இறாலில் விடை தேடினார்கள். கண் வெட்டப்படாத தாயின் குஞ்சுகள், வெண்புள்ளி வைரஸையும் செரிமானச் சுரப்பியைத் தாக்கும் பக்றீரியாவையும் எதிர்கொண்டபோது, கண் வெட்டப்பட்ட தாயின் குஞ்சுகளைவிட அதிகம் தப்பிப் பிழைத்தன. உயிருக்கு இரங்குவதும் தொழில் இலாபமும் எதிரெதிர் என்ற எண்ணத்துக்கு இந்த முடிவு நேர்மாறானது. பெருநெரிசலில் ஒட்சிசன் குறைந்து, அமோனியா கூடி, நெருக்கடியில் இருக்கும் இறாலுக்குத்தான் நோய் முதலில் வரும் என்பதைப் புத்தளத்தின் வளர்ப்பாளர்களும் அறிவார்கள்.

உப்பைத் தேடும் நன்னீர் இறால்

ஊவாவின் குளங்களுக்கு ஏற்ற நன்னீர்ப் பெரிய இறால் வேறு குடும்பம். ஆண் 32 சென்ரிமீற்றர் வரையும் பெண் 25 சென்ரிமீற்றர் வரையும் வளரும். ஆணின் இரண்டாம் கால்கள் நீண்டு நீலம் பாய்ந்த கொடுக்குகளாக இருக்கும். இலங்கையின் தாழ்நில ஆறுகளில் இது இயற்கையாகவும் வாழ்கிறது. தொட்டியிலும் குளத்திலும் தானாகவே முட்டைக்கு வந்துவிடும், கண்ணை வெட்டும் தேவையே இல்லை. விலங்கு நலன் என்ற கோணத்தில் இந்த ஒரு வேறுபாடே பெரிது.

தாய் இறால் பல்லாயிரம் முட்டைகளை வயிற்றடியில் நீந்துகால்களுக்கு இடையில் ஒட்டவைத்துச் சுமக்கிறது. கால்களை ஓயாமல் அசைத்து அவற்றுக்குப் புதுநீர் பாய்ச்சுகிறது. தொடக்கத்தில் செம்மஞ்சளாக இருக்கும் முட்டைத் திரள் சுமார் இருபது நாளில் சாம்பல் நிறமாகும். அதன் பிறகே பொரிக்கும். பொரித்த குஞ்சு தலைகீழாக, வால் முன்னே போக நீந்தும். அந்த நிலையில் அது நன்னீரில் பிழைக்காது. இதை 1960களின் தொடக்கத்தில் மலேசியாவின் பினாங்கில் பணியாற்றிய லிங் ஷாவ்-வென் கண்டுபிடித்தார். அதுவரை நன்னீரில் வைத்த குஞ்சுகள் எல்லாம் சில நாளில் செத்துக்கொண்டிருந்தன. தொட்டியில் சிறிது உப்பு சேர்ந்தபோதுதான் அவை வளர்ந்தன. கடல்நீரின் உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போதும். பதினொரு பருவங்களைக் கடந்து, நான்கைந்து வாரத்தில், அரை அங்குலத்துக்கும் குறைவான இளங்குஞ்சாகி நிமிர்ந்து, முன்னோக்கி நடக்கத் தொடங்கும்போது அது நன்னீருக்குத் தயார்.

ஆற்றில் வாழும் தாய் முட்டையோடு கழிமுகத்துக்கு இறங்குவதும், குஞ்சுகள் கரையோரமாக ஆற்றில் திரும்ப ஏறுவதும் இதனால்தான். மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. மகியங்கனைப் பக்கத்து நீர்த்தேக்கத்தில் விட்ட இறால் அங்கே இறங்கிப்போய்க் குஞ்சு பொரித்துத் திரும்ப வழியில்லை. எனவே ஒவ்வொரு முறையும் கரையோரப் பொரிப்பகத்திலிருந்துதான் குஞ்சு வர வேண்டும். அது செலவு. ஆனால் குளத்தில் இறால் கட்டுமீறிப் பெருகி மற்ற உயிர்களை ஒழிக்கும் ஆபத்து இல்லை என்பது அதனால் கிடைக்கும் நன்மை. 1952 இல் நாட்டுக்குள் வந்த திலாப்பியாவைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது.

குளிரும் ஓர் எல்லை போடுகிறது. இந்த இறாலுக்கு 28 முதல் 31 பாகை செல்சியஸ் வரையிலான நீர் பிடிக்கும், 14 பாகைக்குக் கீழே செத்துவிடும். பண்டாரவளையின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 20 பாகையைச் சுற்றியே இருக்கிறது. தோட்டத்துக் குளங்களில் இறாலை விட்டுக் காசாக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். அங்கே இறால் சாகாவிட்டாலும் வளராது. மலையின் குளிர் ஓடைகளுக்குச் சொந்தமான நுண்ணிறால்கள் வேறு இனங்கள். ஹோர்டன் சமவெளியில் மட்டும் வாழும் ஓர் இனமும் உண்டு. அவை வளர்ப்புக்கு உரியவை அல்ல, காக்கப்பட வேண்டியவை.

கரையோரத்திலிருந்து குஞ்சுகள் வருவது பொலித்தீன் பையில். மூன்றில் ஒரு பங்கு நீர், மீதி ஒட்சிசன். பைகளை ரெஜிபோம் பெட்டியில் அடுக்கி, வெயில் ஏறுவதற்கு முன் சேரும்படி இரவில் கொண்டுவருவது நல்லது. வந்ததும் பையை வெட்டிக் கொட்டிவிடக்கூடாது. குளத்து நீரில் பையைக் கால் மணி நேரமாவது மிதக்கவிட்டு, இரண்டு நீரின் வெப்பமும் ஒன்றானபின், குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் விட்டு, குஞ்சுகளைத் தாமாக வெளியேற விட வேண்டும். இந்தப் பொறுமை இல்லாத இடத்தில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் முதல் மணி நேரத்திலேயே மடிகின்றன. அந்தச் சாவை யாரும் பார்ப்பதில்லை, எண்ணுவதுமில்லை.

குளத்துக்குள் போனபிறகு இறாலுக்குக் கிடைப்பது கடற்கரைப் பண்ணையில் கிடைக்காத இடவசதி. தீவிரப் பண்ணையில் ஒரு சதுர மீற்றரில் நூறு இறாலும் அதற்கு மேலும் நெருக்கி வளர்க்கிறார்கள். பெருங்குளத்தில் ஓர் இறாலுக்குப் பல சதுர மீற்றர் கிடைக்கும். புழு, நத்தை, பூச்சிக் குடம்பி, மக்கிய இலை ஆகியவற்றைத் தின்று அது தானே வளரும். மீன் தூளில் செய்த தீவனம், காற்றுச் சுழற்றி, மின்கட்டணம், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எதுவும் வேண்டியதில்லை. நெருங்கினால் ஒன்றையொன்று தாக்கும் இயல்பு இந்த இறாலுக்கு உண்டு, அதிலும் ஓடு கழற்றிய இறால் மென்மையாக, ஓட முடியாமல் கிடக்கும்போது. சிறு குளங்களில் வளர்ப்பவர் மரக்கிளை, தென்னோலை போட்டு ஒளிவிடம் அமைத்தால் இது வெகுவாகக் குறையும். ஒரு நீலக்கொடுக்கு ஆண் சுற்றியுள்ள ஆண்களின் வளர்ச்சியையே அடக்கிவைப்பதால், ஒரே பாலின இறால்களை வளர்க்கும் வழியை இஸ்ரேலின் பென்குரியன் பல்கலைக்கழகத்தில் அமீர் சாகி குழுவினர் உருவாக்கியுள்ளனர். பெண் இறால்கள் மட்டும் இருக்கும் குளத்தில் சண்டை குறைவு.

வெலிமடையிலிருந்து ரத்கிந்தவரை

இறாலும் பூச்சியும் ஒரே பெருங்குலம், இரண்டும் கணுக்காலிகள். பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்லும் மருந்து இறாலின் நரம்பையும் அதே வழியில் தாக்கும். காய்கறித் தோட்டங்களில் பரவலாகத் தெளிக்கப்படும் பைரத்ரொயிட் வகை மருந்துகள், ஒரு லீற்றர் நீரில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே இறால் இனங்களைக் கொல்லக்கூடியவை. அதே அளவில் மீன் பிழைத்துக்கொள்ளலாம். ஆகவே குளத்தில் மீன் துள்ளுகிறது என்பதைக் கொண்டு நீர் நல்லது என்று முடிவுகட்ட முடியாது. தேயிலையின் கொப்புள நோய்க்கு அடிக்கும் செப்பு மருந்தும் அப்படியே. இறாலின் இரத்தம் செப்பைக் கொண்டுதான் ஒட்சிசனைச் சுமக்கிறது. ஆனால் நீரில் மிகுந்த செப்பு அதன் செவுளுக்கு நஞ்சு.

வெலிமடை, ஊவா பரணகமப் பக்கத்துச் சரிவுகளில் உருளைக்கிழங்கும் போஞ்சியும் தக்காளியும் விளைகின்றன. அந்த நிலத்தின் நீர் உமா ஓயாவில் இறங்குகிறது. உமா ஓயா ரந்தம்பே நீர்த்தேக்கத்தில் மகாவலியோடு சேர்கிறது. சற்றுக் கீழே மினிப்பே அணையிலிருந்து வலதுகரைக் கால்வாய் பிரிந்து, உல்ஹிட்டிய, ரத்கிந்த நீர்த்தேக்கங்களை நிரப்புகிறது. வெலிமடையில் மழைக்கு முந்தைய நாள் தெளித்த மருந்து எந்தப் பாதையில் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வரைபடம் தேவையில்லை. பதுளு ஓயா பதுளை நகரின் கழிவையும் சுமந்துகொண்டு துன்ஹிந்தையில் குதித்து மகாவலிக்குப் போகிறது. 2024 ஏப்ரலில் தொடக்கிவைக்கப்பட்ட உமா ஓயாத் திட்டம் அந்த ஆற்றின் நீரில் ஒரு பகுதியைச் சுரங்கவழியாகத் தெற்கே கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்பிவிட்டது. அதனால் மலையின் மருந்தும் மண்ணும் இனி மொனராகலைக் குளங்களுக்கும் போகலாம்.

மண்ணின் கதையும் இதோடு சேர்ந்தது. உமா ஓயாப் படுகையில் அரிக்கப்பட்ட மண் ரந்தம்பேயில் வண்டலாகப் படிந்துவருவது நீண்டகாலச் சிக்கல். கலங்கிய நீரில் குளத்தடியின் புழுவும் பாசியும் மூடுண்டு போகும், இறாலின் செவுளில் சேறு படியும். சரிவுக்குக் குறுக்கே கற்கட்டு, மூடுபயிர், தேயிலை வரிசைகளுக்கிடையே துப்புரவான வடிகான் ஆகிய பழைய வேலைகள்தான் இதற்கு மருந்து. தோட்டங்களில் கங்காணி காலத்திலிருந்தே தெரிந்த இந்த வேலைகளுக்கு ஆள் ஒதுக்குவது இப்போது குறைந்துவிட்டது. ஊவா இறாலின் நலனைப் பற்றிப் பேசுவோர் மகியங்கனை மீனவரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பினால் பாதி வேலைதான் நடக்கும். மீதி மேலே, மருந்து தெளிக்கும் தொழிலாளியிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் கிழங்குச் செய்கைக்காரரிடமும் இருக்கிறது. முகமூடியும் கையுறையும் இல்லாமல் அந்த மருந்தைத் தோளில் சுமப்பவரின் நலனும் அதே பேச்சில் சேர வேண்டும்.

பிடிப்பதும் கொல்வதும்

வலையில் சிக்கும் இறால் மீனைப்போல் உடனே சாகாது. மாலையில் போட்ட செவுள்வலையை விடியலில் எடுக்கும்போது, கொடுக்கும் கால்களும் நூலில் பின்னிக்கிடக்கும். இழுத்துப் பிரிக்கையில் கால்கள் கழன்றுவரும். சிறுகண்ணி வலையில் வளராத இறாலும் மீன் குஞ்சும் சேர்ந்து போகும். கூடு வைத்துப் பிடிப்பது இதைவிட நல்லது. உள்ளே போன இறால் காயமில்லாமல் இருக்கும், சிறியதையும் முட்டைக்காரியையும் உயிரோடு திரும்ப விடலாம். முழு இறாலுக்குச் சந்தையில் விலையும் கூட.

பிடித்ததைச் சாக்கில் போட்டுக் கட்டிப் படகடியில் வைப்பது மிகக் கெட்ட வழக்கம். இறாலின் நரம்பு மண்டலம் ஒரே மூளையில் குவிந்திருப்பதில்லை. உடல் நீளத்துக்கும் நரம்புமுடிச்சுகள் தொடராக உள்ளன. அதனால் தலையைத் துண்டித்தாலும் உணர்வு உடனே அறுபடும் என்று சொல்ல முடியாது. சில நொடிகளில் உணர்விழக்கச் செய்யும் மின்னதிர்ச்சிப் பொறிகள் இன்று பெரும் பண்ணைகளுக்கு வந்துவிட்டன. பிரித்தானியாவின் சில பெரிய பல்பொருள் அங்காடிகள் தமக்கு வழங்கும் பண்ணைகளிடம் அதைக் கேட்கின்றன. மகியங்கனையில் நாலைந்து கிலோ பிடிக்கும் மீனவருக்கு அந்தப் பொறி கைக்கெட்டாது. அவரால் செய்யக்கூடியது, நீரைவிட ஐஸ் கூடுதலாக உள்ள கரைசலை முன்கூட்டியே ஆயத்தம் செய்து, பிடித்த இறாலைச் சிறிது சிறிதாக அதில் இடுவது. ஐஸ் உணர்வை எவ்வளவு விரைவில் போக்குகிறது என்பதில் ஆய்வாளரிடையே வாதம் உண்டு. ஆனாலும் வெப்ப நாட்டு இறால் கடுங்குளிரில் விரைவாக அசைவிழக்கும். வெயிலில் மூச்சடைத்து மணிக்கணக்காகச் சாவதோடு இதை ஒப்பிடவே முடியாது. இறைச்சியும் கெடாது. இதற்கு வேண்டியது குளக்கரையில் ஐஸ் கிடைப்பது. மீன்பிடிச் சங்கங்களுக்கு ஒரு ஐஸ் சேமிப்புப் பெட்டி தருவது மாகாண நிர்வாகத்தின் சக்திக்கு அப்பாற்பட்டதல்ல.

உயிர்க்கொலை பற்றிய தயக்கம் இலங்கைக்குப் புதிதல்ல. 1990 இல் அரசாங்கம் பௌத்த எதிர்ப்பைக் காரணம் காட்டி உள்நாட்டு மீன்பிடிக்கான ஆதரவையே நிறுத்தியது. 1994 இல்தான் அது மீண்டது. இடையில் பொரிப்பகங்கள் கைமாறின, குளங்களில் குஞ்சு விடுவது நின்றது, ஏழை மீனவக் குடும்பங்கள் நட்டப்பட்டன. கொல்வதே வேண்டாம் என்ற அந்த முடிவு, மீனும் இறாலும் எப்படி வளர்கின்றன, எப்படிச் சாகின்றன என்பதைப் பற்றி எதுவும் பேசவில்லை. மறுபக்கம் சட்டமும் பேசவில்லை. 1907 ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் பறவை, மீன், ஊர்வன வரை பெயர் சொல்கிறது. இறாலும் நண்டும் அதில் இல்லை. நெடுங்காலமாகப் பேசப்படும் புதிய விலங்கு நலச் சட்டம் நிறைவேறும்போது இவை பெயர் சொல்லிச் சேர்க்கப்பட வேண்டும்.

குளத்து இறாலுக்கு இன்னொரு தேவையும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இலங்கைக் குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் 17.3 சதவீதம். தோட்டப்புறத்தில் அது 31.7 சதவீதம். நல்ல புரதம் மலைக்கு ஏற வேண்டும். பெரிய இறால் கொழும்பு விடுதிகளுக்கே போகும் என்பது உண்மைதான். ஆனால் அதே குளத்தில், அதே நீரில் வளரும் மலிவான திலாப்பியாவும் கெண்டையும் மகியங்கனையிலிருந்து பசறை, லுணுகலை வரை வரக்கூடியவை. இறாலுக்காகச் சுத்தமாகும் நீர் அந்த மீனுக்கும் சேர்ந்தே சுத்தமாகிறது.

புத்தளத்தார் வகுத்த பயிர் நாட்காட்டியை ஊவா இன்னொரு விதமாக எடுத்துக்கொள்ளலாம். வடகீழ்ப் பருவமழையில் குளங்கள் நிறைந்தபின் குஞ்சு விடும் வாரம் எது என்பதை மீன்பிடிச் சங்கங்கள் முன்கூட்டியே அறிவிக்கட்டும். அந்த வாரத்திலும் அதற்கு முந்தைய வாரத்திலும் உமா ஓயா, பதுளு ஓயாச் சரிவுகளில் பூச்சிமருந்து தெளிக்காமல் இருக்கத் தோட்ட நிர்வாகங்களும் கமநல சேவை நிலையங்களும் உடன்படட்டும். ஆற்றங்கரையிலிருந்து சில மீற்றர் அகலத்துக்கு மருந்தே படாத புல்வரிசை ஒன்றை விட்டுவைக்கட்டும். இதற்குப் புதிய சட்டமோ வெளிநாட்டுப் பணமோ தேவையில்லை. பதுளை மாவட்டச் செயலகத்தில் மீன்பிடி, கமநலம், பெருந்தோட்டம் ஆகிய மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும். அடுத்த மழைக்கு முன் அந்தக் கூட்டத்தைக் கூட்டுங்கள்.